கட்டை துளிர்த்த காடு

கம்பை நம் ஊர்த் தானியம் என்று எண்ணித்தான் கூழ் குடித்து வளர்ந்தோம். அதன் தாய்வீடு ஆப்பிரிக்கா. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமாக, அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் பக்கம்வரை ஒரு நாடாவைப்போல நீண்டு கிடக்கும் சாகேல் என்ற வறண்ட நிலத்தில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக்கினார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளில் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. நம் சோளமும் புளியும்கூட ஆப்பிரிக்காவில் பிறந்தவைதான். அதனால் நைஜர் நாட்டின் தென்பகுதியில் ஒரு கம்பங்கொல்லைக்குள் நம்மூர் மானாவாரி விவசாயி ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு அது அந்நிய மண்ணாகத் தெரியாது. இலந்தை நிற்கும். கருவேலம் நிற்கும். நம் ஆத்திக்கு உறவான ஒரு சிறுமரம், ஹௌசா மொழியில் கால்கோ, ஆத்தியைப்போலவே பிளந்த இலையோடு கொல்லையின் நடுவிலேயே நிற்கும்.

நடுவில் நிற்கும் அந்த மரங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். 40 ஆண்டுகளுக்கு முன் அவை அங்கே இல்லை.

மராடி, ஜிண்டேர் என்ற இரண்டு பகுதிகளை மையமாகக் கொண்டு, தெற்கு நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் 20 கோடி மரங்கள் புதிதாக எழுந்திருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிய இடம் அது. உலகின் மிக ஏழை நாடுகளின் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் வரும் நாடு நைஜர். அங்கே இதைச் செய்தவர்கள் கம்பும் தட்டைப்பயறும் விதைக்கும் சிறு விவசாயிகள். அந்த மரங்களில் நாற்றாக நடப்பட்டவை மிகச் சொற்பம். விழிப்புணர்வுப் பேரணியோ மரம் நடும் விழாவோ இதற்குக் காரணம் இல்லை. அப்படியானால் எது அவர்களை இதைச் செய்ய வைத்தது? ஒரு கிராமம் தன் மண்ணைக் காப்பாற்ற எப்போது தானாக எழுகிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான விடை உலகில் வேறெங்கும் இல்லை.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். நல்ல ஆண்டில்கூட 400, 500 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரியில் பாதி. முதல் மழை விழுந்ததும் விதைத்தாக வேண்டும். ஆனால் மழைக்கு முன்னோடியாக வரும் காற்று மணலை அள்ளிக்கொண்டு தரையோடு தரையாக வீசும். இரண்டு இலை விட்ட கம்பு நாற்றை அந்த மணல் அறுத்துப்போடும், அல்லது மூடிப் புதைத்துவிடும். மறுபடி விதைக்க வேண்டும். மூன்று முறை, நான்கு முறை விதைத்த ஆண்டுகள் உண்டு. ஒவ்வொரு மறுவிதைப்பும் வீட்டுக் குதிரிலிருந்து எடுக்கும் சாப்பாட்டுத் தானியம். ஒவ்வொரு வாரத் தாமதமும் பருவத்தின் கடைசியில் கதிர் பால்பிடிக்கும்போது தண்ணீர் இல்லாமல் போகும் ஆபத்து. 1960-களின் இறுதியில் தொடங்கி 70-களின் நடுவரை நீண்ட வறட்சி மாடுகளையும் மனிதர்களையும் கொன்றது. 1984-ல் மீண்டும் பஞ்சம் வந்தது.

காற்றைத் தடுக்க மரம் வேண்டும் என்பது ஹௌசா விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. ஜிண்டேர் சுல்தான் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில், கொல்லைகளில் நிற்கும் காவோ என்ற மரத்தைக் காரணமில்லாமல் வெட்டுபவனுக்குத் தலையும், அதன் கிளையை ஒடிப்பவனுக்குக் கையும் போகும் என்று ஆணையிட்டிருந்ததாக இன்றும் சொல்கிறார்கள். பின் ஏன் கொல்லைகள் மொட்டையாயின?

பாதி விடை சட்டத்தில் இருந்தது. நைஜர் பிரெஞ்சுக் காலனியாக இருந்தபோது, 1935-ல் வந்த வனச்சட்டம் மரங்களை அரசின் உடைமையாக்கியது. சொந்தக் கொல்லையில் முளைத்து, தன் எருவைத் தின்று வளர்ந்த மரமானாலும் கிளை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் வெட்டினால் வனக்காவலர் அபராதம் போடுவார். காட்டைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டத்தை எழுதினார்கள். ஆனால் ஒரு விவசாயியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தன் நிலத்தில் தலைதூக்கும் ஒரு கன்று நாளைக்கு மரமானால் அது அவருடையதல்ல. நிழல் பயிரின்மேல் விழும், பறவை வந்து உட்கார்ந்து கதிரைக் கொத்தும், விறகு மட்டும் அரசுக்கு. வளர்ந்தபின் தொட்டால் அபராதம். இரண்டு விரல் உயரத்தில் இருக்கும்போதே களையோடு களையாகக் கொத்தி எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. 1960-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தச் சட்டத்தின் உயிர் போகவில்லை.

மீதிப் பாதி, பழக்கம். சுத்தமாகத் துடைத்த கொல்லைதான் நல்ல உழவனுக்கு அடையாளம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. விவசாய அலுவலர்களும் ஏருக்கும் வரிசை விதைப்புக்கும் இடைஞ்சலாகக் கட்டைகளை அகற்றச் சொன்னார்கள். புதர் மண்டிய நிலம் சோம்பேறியின் நிலம். எங்கள் பக்கத்திலும் வரப்பில் புல் நின்றால் பெரியவர்கள் அதே பார்வைதான் பார்ப்பார்கள்.

வறட்சிக்குப் பிறகு அரசுகளும் உதவி நிறுவனங்களும் கன்று நட ஓடிவந்தன. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பட்டதாரி 1980-களின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷனின் பணியாளராக மராடிக்கு வந்து சேர்ந்தவர். அவருக்குக் கிடைத்த வேலையும் அதுதான். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்தார், நட்டார். பெரும்பாலானவை செத்தன. வெயில், கரையான், ஆடு, மணல். தப்பியவற்றை விறகுக்கு ஒடித்தார்கள். விவசாயிகளுக்கு அந்தக் கன்றுகள் வெள்ளைக்காரர் நட்ட கன்றுகள். அவற்றைக் காவல் காக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

1983-ல் ஒருநாள் நாற்றுகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, மணலில் வண்டி புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைப்பதற்காக நடுவழியில் நிறுத்தியிருக்கிறார். சுற்றிலும் வெட்டவெளி. அங்கங்கே முழங்கால் உயரப் புதர்கள், அத்தனை நாளும் அவர் கண்ணில் பட்டும் படாமலும் இருந்தவை. ஒன்றின் பக்கத்தில் போய் இலையைப் பார்த்தார். அது புதர் இல்லை. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளைத்த தூர். அந்த வெட்டவெளி முழுவதும் அப்படிப்பட்ட கட்டைகள். ஆண்டுதோறும் துளிர்த்தன, விதைப்புக்கு முன் ஆண்டுதோறும் அவற்றை வெட்டி எரித்தார்கள். மண்ணுக்கு மேலே இல்லாமல் போன காடு கீழே உயிரோடு இருந்தது.

இதில் உள்ள தாவரவியல் நமக்குப் புதிதல்ல. கரும்பை வெட்டியபின் கட்டை துளிர்த்து மறுதாம்பு வருகிறது. முருங்கையைக் கழுத்தளவில் தறித்தால் இரண்டு மாதத்தில் குடை விரிக்கிறது. மரத்தின் பட்டைக்கு அடியில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. உச்சியில் உள்ள குருத்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைத் தொடர்ந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை கீழ் மொட்டுகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தண்டை வெட்டியதும் அந்த வரத்து நின்றுபோகிறது. உறங்கிய மொட்டுகள் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. பத்து, இருபது கொம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிளம்புகின்றன.

இங்கேதான் நட்ட கன்றுக்கும் கட்டைத் துளிருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பாலித்தீன் பையில் வளர்ந்த கன்று மண்ணுக்குள் இறங்கும்போது அதன் வேர் ஒரு சாண். அது ஈரத்தைத் தேடிக் கீழே போவதற்குள் எட்டு மாத வெயில் முந்திக்கொள்கிறது. வெட்டுண்ட மரத்தின் வேரோ முழு வளர்ச்சி பெற்ற மரத்தின் வேர். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை அது ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கிறது. சேர்த்துவைத்த மாவுச்சத்தும் அதில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி கட்ட வேண்டாம். செய்யவேண்டியது கவாத்து மட்டும்தான்: இருபது கொம்புகளில் நேரான, திடமான நாலைந்தை விட்டு மற்றவற்றைக் கழிப்பது, விட்டவற்றின் பக்கக் கிளைகளைப் பாதி உயரம்வரை சீவுவது. ஆயுதம் ஒரு கத்தி. செலவு ஏதும் இல்லை. கழித்த மிளாறு அன்றைக்கே அடுப்புக்கு விறகு. சில மாதங்களில் ஆள் உயரத்துக்கு எழுந்து ஆட்டின் வாய்க்கு எட்டாமல் போய்விடும் கொம்புகள் உண்டு. பிறகு ஆண்டுக்கு ஒரு கொம்பை வெட்டி விற்கலாம், அதன் இடத்தில் இன்னொரு துளிரை வளரவிடலாம். வங்கிக் கணக்கு என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு இது பால்மாடு மாதிரிதான் தோன்றுகிறது. கறந்தால்தான் தொடர்ந்து சுரக்கும்.

இந்த இயல்பின் இன்னொரு முகத்தை நம் ராமநாதபுரத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சீமைக்கருவேலத்தை எத்தனை முறை வெட்டினாலும் கட்டையோடு பிடுங்காதவரை ஓயாது. அங்கே சாபமாக இருக்கும் அதே பிடிவாதம், அந்தந்த மண்ணுக்கே உரிய மரங்களில் இருக்கும்போது வரமாகிவிடுகிறது.

ரினாடோ ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடக் கூடாது. அதே மராடிப் பகுதியில் ‘தான் சாகா’ என்ற ஊர் இருக்கிறது. கோடையில் அந்த ஊர் இளைஞர்கள் பிழைப்புக்கு வெளியூர் போய் மழைக்கு முன் திரும்புவது வழக்கம். 1980-களில் ஓர் ஆண்டு சிலர் தாமதமாகத் திரும்பினார்கள். மழை விழுந்துவிட்டது, கொல்லையைத் துடைக்க நேரமில்லை. புதர்களை அப்படியே விட்டு இடையில் விதைத்தார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சோம்பேறிகள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அறுவடையில், துடைக்காத கொல்லையில் விளைச்சல் கூடுதலாக இருந்தது. மறு ஆண்டு வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். ஹௌசா மொழியில் இந்த முறைக்கு வந்த பெயர் சஸ்ஸபின் ஸமானி; புதுக்காலத்துக் கொல்லை திருத்தல் என்று பொருள். மரம் வளர்ப்பு என்றோ காடு காப்பு என்றோ அவர்கள் அதை அழைக்கவில்லை. கொல்லை திருத்துவது அவர்கள் என்றும் செய்யும் வேலை. அதைக் கொஞ்சம் வேறு மாதிரிச் செய்தார்கள், அவ்வளவே. இந்தப் பெயரை முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளைச்சல் ஏன் கூடியது? மரம் பயிரோடு தண்ணீருக்கும் வெயிலுக்கும் போட்டியிடும் என்பதுதானே நம் பொதுப்புத்தி? காவோ மரம் அந்தப் பொதுப்புத்தியைத் தலைகீழாக்குகிறது. வேல மரத்துக்கு உறவான இது மழைக்காலம் தொடங்கும்போது இலையை உதிர்க்கும், மழை முடிந்து ஊரே காயும்போது பச்சையாக நிற்கும். கம்பு வளரும் நாட்களில் நிழலும் இல்லை, போட்டியும் அதிகம் இல்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. கோடையில் அதன் நிழலில் மாடு ஒதுங்கிச் சாணம் போடுகிறது, உதிரும் நெற்றைத் தின்கிறது. இந்த மரத்தடியில் கம்பு செழிப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து எழுதி வருகிறார்கள்.

சபரா என்ற எளிய புதர்ச்செடி செய்வது இன்னும் வியப்பு. பகலில் இலை வழியாக நீர் ஆவியாகிறது, வேர் ஆழத்திலிருந்து இழுக்கிறது. இரவில் இலைத்துளைகள் மூடியபின் அந்த இழுப்பு நின்றுபோகிறது. ஆனால் ஆழ மண் ஈரமாகவும் மேல்மண் வறண்டும் இருப்பதால், நீர் வேர் வழியாகவே மேலேறி மேல்வேர்களின் நுனியில் கசிகிறது. செடி தூங்கும்போது மண்ணுக்குள் சொட்டுநீர்ப் பாசனம் நடக்கிறது. செனகல் நாட்டில் விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். கன ஹைட்ரஜன் கலந்த நீரை சபராவின் ஆழ்வேரில் செலுத்திவிட்டு, சில நாட்களுக்குள் பக்கத்தில் நின்ற கம்பின் உடலில் அதே நீரைக் கண்டுபிடித்தார்கள். களை என்று ஆண்டுதோறும் வெட்டி எரித்த செடி பயிருக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

காற்றின் கணக்கும் எளிமையானது. சிதறி நிற்கும் மரங்களும் புதர்களும் தரையோரக் காற்றின் வேகத்தை உடைக்கின்றன, மணல் பறப்பது குறைகிறது. நான்கு முறை விதைத்தவர்கள் ஒரு முறை விதைத்தால் போதும் என்றார்கள். மரம் பெரிதாகி நிழல் தரும் நாளுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் பருவத்திலேயே கைமேல் பலன்.

இவ்வளவு நல்லதாக இருந்தும் இது தீயாகப் பரவிவிடவில்லை. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஊரார் அவர்களைக் கேலி செய்தார்கள்; இரவோடு இரவாகக் கொம்புகளைத் திருடினார்கள். 1984 பஞ்சத்தின்போது மிஷன் ஒரு திட்டம் போட்டது: கொல்லையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் துளிர்களை விட்டுவைத்தால் தானியம் தரப்படும். நூற்றுக்கு நெருங்கிய ஊர்களில் மக்கள் விட்டுவைத்தார்கள். மறு ஆண்டு மழை பெய்தது, தானியம் கொடுப்பது நின்றது, மரங்களில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். கூலிக்கு வளர்ந்த மரம் கூலியோடு போயிற்று. ஆனால் சிலர் வெட்டவில்லை. அவர்கள் கொல்லை அந்த ஓராண்டில் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் இது பரவியது அந்தச் சிலரிடமிருந்துதான். திட்ட அறிக்கைகளில் இது தோல்வி என்று பதிவாகியிருக்கும். என் கணக்கில், வந்த தானியத்தைவிட, பக்கத்துக் கொல்லையை வேலியோரம் நின்று எட்டிப்பார்க்கக் கிடைத்த அந்த ஓராண்டுதான் பெரிய உதவி.

இன்னொன்றும் நடந்தது. ரினாடோ குழு உள்ளூர் வனத்துறையினரிடம் பேசி, கொல்லை மரங்களின் விஷயத்தில் அபராதம் போடுவதை நிறுத்திவைக்கச் செய்தது. 1987-ல் நாட்டை ஆண்டுவந்த ராணுவத் தலைவர் குன்ச்சே இறந்தார். அதன்பின் அரசின் பிடி தளர்ந்தது, வனக்காவலர்கள் ஊருக்கு வருவது குறைந்தது. 1993-ல் வந்த ஊரக நிலச்சட்டம் விவசாயிகளின் உரிமையைப் பேசத் தொடங்கியது. சட்டம் முழுதாகத் தெளிவாகாத அந்த ஆண்டுகளிலேயே, கொல்லையில் நிற்பது தன் மரம், வெட்டலாம், விற்கலாம் என்ற நம்பிக்கை விவசாயிகளிடம் வந்துவிட்டது. மரத்தை வெட்டும் உரிமை கிடைத்ததும் மரங்கள் பெருகின. இந்த வாக்கியம் ஏறுமாறாகத் தோன்றலாம். ஆனால் வெட்ட முடியாத மரத்தை எவரும் வளர்க்கமாட்டார்கள் என்பதை நம் நாட்டுச் சந்தன மரமும் சொல்லும். பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தின் மீதும் அரசுக்கே உரிமை என்றிருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தனக் கன்று தலைகாட்டினால் வம்பு எதற்கு என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி நில உரிமையாளருக்கு மரத்தில் உரிமை கொடுத்தன. அதன்பிறகுதான் சந்தனத் தோப்பு போடுவது என்ற பேச்சே வந்தது.

நைஜரில் இது நடந்துகொண்டிருந்த 20 ஆண்டுகளும் உலகத்துக்குத் தெரியாது. காடுகளைக் கணக்கெடுப்பவர்கள் காட்டைத்தான் கணக்கெடுத்தார்கள். கொல்லையில் சிதறி நிற்கும் மரம் அவர்கள் ஏட்டில் ஏறாது. அன்றைய செயற்கைக்கோள் படங்களில் தனி மரம் தெரியாது. 2000-களின் நடுவில் கிறிஸ் ரைய் என்ற டச்சுப் புவியியலாளர், மஹமானே லர்வானு என்ற நைஜர் ஆய்வாளர், கிரே டாப்பன் என்ற அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை நிபுணர் ஆகியோர் சேர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாப்பனிடம் 1975-ல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருந்தன. அதே இடங்களின் புதிய, கூர்மையான படங்களைப் பக்கத்தில் வைத்தார். வெள்ளைத் தாளில் மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள்.

மழை கூடியதால் வந்த பச்சை என்று இதைத் தள்ளிவிட முடியுமா? 1980-களின் பாழ்வறட்சிக்குப் பின் சாகேலில் மழை ஓரளவு மீண்டது உண்மைதான், அதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எல்லைக்கு அப்பால் நைஜீரியாவில் மழை இன்னும் அதிகம், அரசின் மரம்நடு திட்டங்களும் அதிகம். இருந்தும் பல இடங்களில் நைஜர் பக்கமே அடர்ந்திருந்தது. இன்னொரு சான்று இதைவிட வலுவானது. மரம் பெருகிய இடங்கள் மக்கள் நெருக்கமாக வாழும் இடங்கள். மக்கள் பெருகினால் மரம் அழியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு இதை ஏற்க நேரமாகும். பிறகு 2020-ல் ஓர் ஆய்வுக்குழு மேற்கு சஹாராவிலும் சாகேலிலும் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, கணினியைப் பழக்கி, செயற்கைக்கோள் படங்களில் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக எண்ண வைத்தது. விடை 180 கோடி. வெறும் பாலை என்று வரைபடத்தில் மஞ்சள் தீட்டிய இடம் அது.

கட்டையே செத்துப்போன நிலத்தில் இந்த வித்தை பலிக்காது. மேற்கே, புர்கினா ஃபாசோவின் யதெங்கா பகுதியில் அப்படித்தான் ஆகியிருந்தது. மேல்மண் அடித்துப்போய், மிச்சம் ஓடுபோல இறுகி, மழை விழுந்தால் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. அங்கே யாகூபா சவாடோகோ என்ற விவசாயி 1980 வாக்கில் பாட்டன் காலத்து முறை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். நிலம் முழுக்கச் சிறு குழிகள் வெட்டுவது. அதற்கு ஸாய் என்று பெயர். அவர் கோடையிலேயே குழியைக் கொஞ்சம் அகலமும் ஆழமுமாக வெட்டி அதில் எருவும் சருகும் போட்டார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. கரையான் என்றால் நமக்குக் கதவை அரிக்கும் எதிரி. அங்கே அது கூலி கேட்காத உழவு மாடு. இறுகிய ஓட்டைத் துளைத்து ஆயிரம் வழி போட்டது, மழைநீர் அந்த வழியே இறங்கித் தங்கியது. மழைக்கு முன் குழி வெட்டுவது மரபுக்கு மாறானது என்று ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். குழியில் கம்பும் சோளமும் விளைந்தன. எருவில் கிடந்த மர விதைகளும் முளைத்தன. அவர் அவற்றைப் பிடுங்கவில்லை.

1984 முதல் அவர் தன் கொல்லையில் ஆண்டுக்கு இருமுறை சந்தை கூட்டினார். பல ஊர் விவசாயிகள் விதைகளோடு வருவார்கள், மாற்றிக்கொள்வார்கள், குழியைப் பார்ப்பார்கள். நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 1989-ல் 13 விவசாயிகள் யதெங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மறு ஆண்டு மழை பொய்த்தது. குழி வெட்டிய நிலங்கள் மட்டும் தானியம் கொடுத்தன. அதற்குப்பின் எவரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இறுகிய பாழ்நிலத்தை விலைக்கு வாங்கிக் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

தனி விவசாயியின் உரிமை என்று இவ்வளவு நேரம் பேசினேன். அது மட்டும் போதாது. அறுவடை முடிந்தால் கொல்லை ஊர்ப்பொதுவாகிவிடும். ஃபுலானி மேய்ப்பர்களின் மந்தைகள் தாளை மேய வரும், கிடை போட்டு எரு கொடுத்துப் போகும். நம் கீதாரிகளின் கிடையேதான். மந்தைக்கு வழி விடவேண்டும், மரமும் மிஞ்சவேண்டும், விறகு திருடுபவனைப் பிடிக்கவேண்டும். இதையெல்லாம் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. தான் சாகாவைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்காகவே குழுக்கள் அமைந்தன. யார் எப்போது எதை வெட்டலாம், திருடினால் என்ன தண்டம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள், அவர்களே காவலும் பார்த்தார்கள். பொதுச்சொத்தைப் பற்றி எலினோர் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: பயன்படுத்துபவர்களே விதி எழுதி, அவர்களே கண்காணித்தால் பொதுவளம் நிலைக்கும். 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

பெண்களைப் பற்றி மகிழ்ச்சியாகவும் கவலையாகவும் எழுதவேண்டியிருக்கிறது. ஜிண்டேரில் விறகுக்காக நாளுக்கு இரண்டரை மணி நேரம் நடந்தவர்கள் அரை மணியில் சுள்ளியோடு திரும்பினார்கள் என்று ஆய்வு சொல்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒருத்தியின் கைக்குத் திரும்பக் கிடைப்பது என்பது சாதாரணமல்ல. ஆனால் நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். மரத்துக்கு மதிப்பு வந்தபின், முன்பு யாரும் கேட்காமல் பொறுக்கிய சுள்ளிக்கும் உரிமையாளர் முளைக்கிறார். மேய்ப்பர்களுக்கும் அதே நிலை. உரிமை என்பது ஒருவருக்குக் கிடைக்கும்போது இன்னொருவர் வெளியே நிற்க நேர்கிறது. குழுவில் பெண்ணும் மேய்ப்பரும் உட்கார்ந்த ஊர்களுக்கும் உட்காராத ஊர்களுக்கும் இதில் வேறுபாடு இருக்கும் என்பது என் எண்ணம்.

2018-ல் ரினாடோவுக்கும் சவாடோகோவுக்கும், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2020-ல் நைஜர் அரசு, கட்டைத் துளிரை வளர்க்கும் விவசாயிக்கு அந்த மரத்தில் உள்ள உரிமையை ஆணையாகவே எழுதிவைத்தது. முதல் துளிரை ஒருவர் விட்டுவைத்து 37 ஆண்டுகளுக்குப் பின்.

சவாடோகோ பிடுங்காமல் விட்ட கன்றுகள் ஏறத்தாழ 40 ஹெக்டேர் காடாயின. அறுபதுக்கும் மேற்பட்ட மர, செடி வகைகள். பக்கத்து நகரமான வாஹிகூயா வளர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் நகர விரிவாக்கத்தின் மனைத் திட்டம் அந்தக் காட்டின் மேலேயே வரையப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு குழியாக வெட்டி எழுப்பிய நிலம் சட்டத்தின் ஏட்டில் அவர் பெயரில் இல்லை. விருதுகளுக்கும் உலகப் பயணங்களுக்கும் நடுவே, அந்த மரங்களைக் காப்பாற்ற அலுவலக வாசல்களில் அவர் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பரில் இறந்தார்.